மின்மினிக்கு ஒரு பம்ப்கின் ஸ்டார்

இடுப்பு இரண்டாகப் பிளந்துவிடும் போல வலித்தது. முனிகிருஷ்ணன் மைதா மூட்டையில் கையை ஊன்றி நிமிர்ந்தார். விடியற்காலை நாலு மணியிலிருந்து அடுப்பு முன்னால் நிற்கிறார். பன்னும் பிரெட்டும் இறக்கியாயிற்று. இனிமேல் செய்யப்போவது கடைச் சரக்கு இல்லை.

செல்லை எடுத்து அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தார். விவசாயம் பண்ணுகிற கேம் அது. அதில் வரும் பண்டத்துக்குப் பெயர் பம்ப்கின் ஸ்டார். வட்டமான மாவுத் தட்டு, உள்ளே பரங்கிக்காய்ப் பூரணம், மேலே மாவில் வெட்டிய நட்சத்திரம், ஐந்து முனையிலும் முந்திரி. கேமில் சோர்ந்து விழுந்த ஆளுக்கு இதைக் கொடுத்தால் எழுந்து உட்காருவான்.

படத்துக்குக் கீழே மின்மினி எழுதியிருந்தாள். கேமில் அவள் பெயர் அதுதான். ‘எது துன்னாலும் எறங்க மாட்டேங்குது சுதீர். இது நெசத்துல இருந்தா துன்னுவேன் போல.’

கேமில் முனிகிருஷ்ணன் பெயர் சுதீர். வயது இருபத்தாறு, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நிஜத்தில் வயது ஐம்பத்தெட்டு. தொண்ணூற்றாறில் கரும்பு வெட்டுக் கூலியை விட்டுவிட்டுப் பெங்களூர் பேக்கரியில் மாவு பிசையப் போனவர், இப்போது புத்தூரில் மாஸ்டர்.

முதலாளி சிட்டிபாபு தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். முப்பது வயதுக்காரன்.

“இன்னா மாஸ்டர், தில்பசந்துல தேங்காய்க்குப் பதிலா பரங்கிக்காயா?”

“என் செலவு. சம்பளத்துல புடிச்சிக்கோ.”

“அது கெடக்கட்டும். அந்தக் கேமு பொண்ணுக்குத்தானே? பென்சன் வாங்கற வயசுல உங்களுக்கு ஹீரோ வேசம்!”

முனிகிருஷ்ணன் மசித்த பரங்கிக்காயைச் சர்க்கரையும் வெண்ணெயும் போட்டுச் சட்டியில் ஒட்டாமல் சுருளும்வரை கிளறினார். நட்சத்திரத்தைக் கத்தி முனையால் வெட்டி மேலே வைத்தார். சிட்டிபாபு முந்திரி டப்பாவைத் தள்ளினான். அவர் அதைத் திருப்பித் தள்ளினார்.

“முந்திரி வேணாம். ஒதடு தடிச்சிடும்.”

“யாருக்கு?”

“துன்றவங்களுக்கு.”

முந்திரிக்குப் பதில் பரங்கி விதையை வைத்துத் தட்டை அடுப்பில் தள்ளினார். அதே நேரம் செல் முனகியது. செய்து அனுப்புகிறேன் என்று அவர் எழுதியதற்கு மின்மினி அட்ரஸ் அனுப்பியிருந்தாள். திருப்பதி, அலிபிரி பக்கம், இரண்டாவது மாடி. ‘யார்கிட்டயாவது குடுத்தனுப்பு. பதினோரு மணிக்கு மேல. அவரு டூட்டிக்குப் போயிருப்பாரு.’

அதைப் படித்ததும் சிட்டிபாபுவின் சிரிப்பு நின்றுவிட்டது. “போவாதீங்க மாஸ்டர். மூஞ்சி தெரியாத ஆளுக்கு எந்தப் பொம்பள அட்ரஸ் குடுப்பா? கதவுக்குப் பின்னால புருசங்காரன் கட்டையோட நிப்பான்.”

“அடிச்சா வாங்கிக்கிறேன். நான் யாருன்னு மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அன்னியோட பேச்சு நின்னுடும்.”

“அப்ப யார்கிட்டயாவது குடுத்து அனுப்புங்க. நீங்க எதுக்கு?”

“அவ துன்றத ஒரு தபா பாக்கணும்.”

சிட்டிபாபு தலையில் அடித்துக்கொண்டான். கேமில் அவளைத் தேடிப் பிடிக்கவே மாஸ்டருக்கு நாலு மாதம் ஆனது அவனுக்குத் தெரியும். அதற்கப்புறம் தினமும் அவள் நிலத்துக்குத் தண்ணீர் விடுவார். மாவு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி ‘துன்னியா’ என்று கேட்பார். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கடையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

பஸ்ஸில் ஒரு மணி நேரம் பெட்டியை மடியில் வைத்திருந்தார். சூடு வேட்டியைத் தாண்டித் தொடையில் உறைத்தது. இறங்கியதும் மாஸ்கைக் கண் வரை ஏற்றினார், தொப்பியைப் புருவம் வரை இறக்கினார். இரண்டு மாடி. ஒவ்வொரு படிக்கும் இடுப்பு பிடித்தது.

கதவைத் தட்டினார். கட்டையோடு யாரும் வரவில்லை. அவளே திறந்தாள். நைட்டிக்கு மேல் துண்டு, ஒட்டிய கன்னம், ஆறு மாத வயிறு.

“சுதீர் குடுத்தனுப்புனாரு மேடம்,” என்றார் குரலைக் கரகரப்பாக்கி.

அவள் பெட்டியை வாங்கினாள். உள்ளே போகவில்லை. நின்ற இடத்திலேயே பிரித்து, ஒரு முனையை உடைத்து வாயில் போட்டாள். இன்னொரு முனை. அப்புறம் நடுவில் கை வைத்து அள்ளித் தின்றாள். வயிற்றின் மேல் உதிர்ந்த தூளைக்கூட விடவில்லை. அவர் கண்ணெடுக்காமல் பார்த்தார்.

பாதி தீர்ந்ததும் அவருக்குப் போதும் என்று இருந்தது. இதற்கு மேல் நின்றால் மாட்டிக்கொள்வோம். “வரேன் மேடம்,” என்று படியில் காலை வைத்தார்.

“நில்லுங்க.”

நின்றார். திரும்பவில்லை.

“சுதீர் கிட்ட சொல்லுங்க. நல்லா இருந்திச்சி. வவுத்துல தங்கும்னு நெனைக்கிறேன். ஆனா அவரு எனக்கு எதுவும் குடுக்க வேண்டியதில்ல.”

முனிகிருஷ்ணன் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்தார். முதுகுக்குப் பின்னால் அவள் வாயைத் துடைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“அஞ்சாம் மாசத்துக்குப் பொறந்த வூட்டுலேர்ந்து நீ கொண்டாற வேண்டிய சோறு இன்னும் பாக்கி நிக்குது, நைனா.”