தப்பாக அடிக்க ஒரு பந்து

பந்து நேராகக் கலைச்செல்வியின் இடது காலுக்கே வந்து நின்றது. வேறு யார் காலுக்காவது போயிருக்கக் கூடாதா?

முன்னால் கோல் திறந்து கிடந்தது. அதைக் காத்துக்கொண்டு சாயிமா அக்கா குனிந்து நின்றாள். சிங்கப்பூரில் காலேஜ் படிக்கிறவள், இவர்களுக்கு ஃபுட்பால் சொல்லித்தர வந்தவள். கோட்டுக்கு வெளியே, அவளோடு வந்த சீன அண்ணன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

கலைச்செல்வி இந்தப் பந்தைத் தப்பாக அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சொல்வது சுலபம். மும்பையின் பதினாலு வயசுக்கு உட்பட்ட பெண்கள் அணியில் ஒன்பதாம் நம்பர் சட்டை அவளுடையது. அந்தக் காலிடம் போய்த் தப்பாக அடி என்றால் அது கேட்க வேண்டாமா?

ஆனால் சிங்கப்பூர்க் காலேஜின் விதி அப்படி. வருஷத்துக்கு ஒரு தடவை மாணவர்கள் வருவார்கள். பச்சைப் பசேல் என்று செயற்கைப் புல் விரித்த டர்ஃப் மைதானத்தைப் பதினான்கு நாள் வாடகைக்குப் பிடித்துக் கற்றுத்தருவார்கள். பந்தையே தொட்டறியாத ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும். ஆடத் தெரிந்தவர்கள் என்று வாசம் அடித்தாலே போச்சு, அந்தப் பயிற்சி கேம்ப் வேறு பேட்டைக்குப் போய்விடும்.

பக்கத்துப் பேட்டையான அன்டாப் ஹில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் ஆனது. வந்தவர்களை ஏழு கோல் வித்தியாசத்தில் சாத்திவிட்டு டான்ஸும் ஆடினார்கள். அடுத்த வருஷம் ஒரு ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை.

கலைச்செல்வியின் பேட்டையான மாட்டுங்கா லேபர் கேம்பின் பிள்ளைகள் மீதி வருஷமெல்லாம் சிமென்ட் தரையில்தான் ஆடுவார்கள். விழுந்தால் முட்டி தேங்காய்த் துருவல். டர்ஃபில் விழுந்தாலோ எழுந்திருக்கவே மனசு வராது.

அதனால்தான் பிள்ளைகளின் டீமை நடத்தும் சிங்கராயர் மாமா, கேம்புக்கு முந்தின நாளே எல்லாரையும் உட்காரவைத்து உத்தரவு போட்டார்.

"ஏல, ஒருத்தருக்கும் ஒண்ணுந் தெரியாது, கேட்டியளா? பந்து உருண்டையா இருக்குங்கதே அவங்க சொல்லித்தான் நமக்குத் தெரியணும்."

அப்பப்பா, என்ன நடிப்பு! கோல்கீப்பர் ஜிபின், மெதுவாக உருண்டு வந்த பந்துக்கு மரியாதையாக வழிவிட்டு நின்றான். ரீனா பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினாள். கலைச்செல்வி பதிமூன்று நாளாகப் பந்தை உதைப்பது எப்படி என்று கற்றுக்கொண்டிருந்தாள்.

ஒரே தலைவலி, சாயிமா அக்காவுக்குத் தமிழ் தெரியும். ஆகவே சதியாலோசனை முழுக்க ஹிந்தியில். ரொம்ப நல்லா ஆடாதே, வேணும்னே விழு என்று அவள் மூக்குக்கு நேராகவே ஹிந்தியில் பேசிக்கொள்வார்கள். அவள் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலை நீட்டுவாள். பாவம், வெள்ளை மனசு.

இன்று பதினாலாவது நாள். கடைசி ஆட்டம், கடைசி நிமிஷம். இந்த வீடியோ காலேஜுக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருஷம் லேபர் கேம்பா வேறு இடமா என்று முடிவெடுப்பார்கள்.

அடுத்த வருஷம் கலைச்செல்விக்கு இடமில்லை. கேம்புக்குப் பதிமூன்று வயசோடு சரி. சின்னதுகளுக்காகத்தான் இத்தனை பாடும். ஆனாலும் போகிற போக்கில் ஒரே ஒரு நல்ல கோல், இந்தப் பச்சையில் போட்டுவிட்டுப் போகக் கூடாதா? ஆசை யாரை விட்டது!

வானத்தைப் பார்த்து அடிக்கத்தான் காலைத் தூக்கினாள். சத்தியமாக.

கால் அது பாட்டுக்கு அடித்தது. பந்து வெளியே போகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு, வளைந்து, மேல் மூலையில் வலைக்குள் போய் விழுந்தது. பதிமூன்று நாள் பயிற்சியில் வருகிற கோல் இல்லை அது.

யாரும் கைதட்டவில்லை. சிங்கராயர் மாமா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ரீனா அழத் தொடங்கிவிட்டாள். கலைச்செல்விக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

ஜிபின்தான் முதலில் சுதாரித்தான். தெரியாமல் விழுந்துவிட்டது என்று சொல்லுங்கள் என ஹிந்தியில் கிசுகிசுத்தான். உடனே பத்துப் பிள்ளைகளும் தமிழில் அதையே கோரஸாகக் கத்தினார்கள்.

சாயிமா அக்கா கோலை விட்டு வெளியே வந்தாள். கையுறையைக் கழற்றினாள். சீன அண்ணனிடம் போய், வெளிச்சம் சரியில்லை என்று இங்கிலீஷில் ஏதோ சொல்லிப் போனை வாங்கினாள். அந்தக் கோலைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு கட்டைவிரலால் அழித்தாள்.

கலைச்செல்வியிடம் வந்து தோளில் கைபோட்டாள். பத்துப் பேருக்கும் கேட்கிற மாதிரி, தெருக்குழாயில் சண்டை போடுகிறவர்களின் பச்சைப் பம்பாய் ஹிந்தியில் சொன்னாள்.

"மஸ்த் கோல் தா. அபி ஃபிர் ஸே மார். பாஹர் மார்."

அருமையான கோலாம். இப்போது திரும்ப அடிக்க வேண்டுமாம். வெளியே.

திறந்த வாய் மூடாமல் நின்றார்கள் எல்லாரும். பதிமூன்று நாளாகப் பேசியதையெல்லாம் அவரவர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். ஜிபினுக்கு முகம் வெளுத்துவிட்டது. சாயிமா அக்கா வாத்து மாதிரி ஓடுகிறாள் என்று தினமும் சொன்னது அவன்தான்.

"எங்கம்மா இதே பம்பாயில டிராம்பேக்காரி," என்றாள் அவள் தமிழில், கோலுக்குத் திரும்பி வாத்து மாதிரியே நடந்துகொண்டு. "எங்க வீட்டுல திட்டு விழுறது பூரா ஹிந்தியிலதான்."

சீன அண்ணன் மறுபடி போனைத் தூக்கினான். கலைச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, பந்தை வேலிக்கு மேலே அனுப்பினாள். சாயிமா அக்காதான் முதலில் கைதட்டினாள்.