தோற்றவள் கையெழுத்து

"போடு மக்ளே, ஸ்கோர் ஷீட்டை அனுப்பணும்" என்றார் நடுவர் எட்வின் மாஸ்டர். தோற்ற கேப்டன் கையெழுத்துப் போடாவிட்டால் அவள் பள்ளிக்கு அடுத்த வருடம் ஃபுட்பால் போட்டியே கிடையாது. பெனிட்டா பேனாவைத் தொடவில்லை.

"நாங்க அடிச்ச கடைசிப் பந்து கோல் கோட்டைத் தாண்டிச்சா சார்?"

"நான் கோல் குடுக்கலியே."

"அதைக் கேக்கல. தாண்டிச்சா?"

"வெயிலு கண்ணுல அடிச்சுது, மக்ளே."

"ஏட்டி, சாருக்குக் கூலிங் கிளாஸ் வாங்கிக் குடுப்போமா?" என்று வாசலில் நின்ற கோல்கீப்பர் கத்தினாள்.

பெனிட்டா சிரிக்கவில்லை. "அப்ப, பாக்கலைன்னு எழுதுங்க சார். அதுக்குக் கீழ நான் போடுதேன்."

எழுதிவிட்டால் இனி அவர் விசிலுக்கு எந்த மைதானத்தில் மரியாதை இருக்கும்? இருபது வருடமாக அந்தத் தாளில் எண்களை மட்டுமே எழுதிய கை, 'நான்' என்று எழுதிவிட்டு அப்படியே நின்றது.