மிச்சக் குச்சிகள்

“அந்த டீச்சரம்மாவை வெளிய வரச் சொல்லுங்க!”

புதுக் கட்டடத்தின் வாசலுக்கு எட்டத்தில், வெயிலில் நின்றபடி கத்தினார் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா. மகளைக் கூட்டிப்போக வந்தவர். படியேறி உள்ளே வந்து பேசினால் கௌரவம் குறைந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்தாள் பசை மிஸ்.

பசை மிஸ் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். நாலாம் வகுப்புக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் சொல்லிக்கொடுக்க இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். விரல்களில் எந்நேரமும் பசை காய்ந்து உரிந்துகொண்டிருக்கும்.

அவள் முன்னால் மேசையில் ஒரு பாலம் இரண்டாக முறிந்து கிடந்தது. ஐஸ் குச்சிகளை ஒட்டிப் பாலம் கட்ட வேண்டும், எல்லாருக்கும் ஒரே அளவு குச்சிக்கட்டு. பிறகு அதில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு, உடையும்வரை மணல் கொட்டிப் பார்ப்பார்கள். அதுதான் பாடம்.

கோணல்மாணலாக இருந்த பாலங்கள்கூட அரை வாளி தாங்கின. வகுப்பிலேயே அழகான பாலம், நீலப் பெயிண்ட் பளபளக்க, இரண்டாவது கரண்டி மணலுக்கே படுத்துவிட்டது. முறிந்த இடத்தில் குறுக்குக் குச்சி ஒன்றுகூட இல்லை. கசக்கித் திணித்த செய்தித்தாள்தான் பிதுங்கியது.

“ஐயோ, பாலத்துக்குக் குடல் சரிஞ்சிடுச்சு!” என்று ஒருவன் கத்த, வகுப்பே சிரித்தது. பாலத்துக்குச் சொந்தக்காரி டெஸ்க்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

“குச்சியெல்லாம் எங்கடி போச்சு?”

அவள் பென்சில் டப்பாவைத் திறந்து காட்டினாள். ரப்பர் பேண்டு போட்டபடி பாதிக் கட்டு அப்படியே இருந்தது.

“மிச்சம் மிஸ். அப்பா எடுத்து வைக்கச் சொன்னார்.”

பசை மிஸ்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே திருட்டுத்தனம் கற்றுக்கொடுத்துவிட்டு, வாசலில் நின்று கத்தவும் செய்கிறார். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்.

ஹெச்.எம். வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். “போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடும்மா.”

“எதுக்கு சார்?”

“சிரிச்ச சத்தம் வாசல்வரைக்கும் கேட்டுச்சாம், எல்லார் முன்னாடியும் புள்ளைய அவமானப்படுத்திட்டீங்களாம். நீங்க புதுசு, அவர் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. இந்த ஸ்கூலுக்கு எவ்வளவு செஞ்சு குடுத்திருக்கார் தெரியுமா?”

“அது எனக்கும் தெரியலை, அந்த வாளிக்கும் தெரியலை சார்.”

“வாயைக் குறைங்க. அவர் கோபமாப் போனா நாளையிலேர்ந்து இந்தப் பாடமே இருக்காது. நீங்களும் இருக்க மாட்டீங்க.”

போனால் போகட்டும் என்று அவளால் சொல்ல முடியாது. இந்த வேலைக்காக அலைந்து தேய்ந்த செருப்பு இன்னும் வீட்டில் கிடக்கிறது. ஆனாலும் மன்னிப்பு வாயில் வரவில்லை. முறிந்த பாலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பையை மாட்டிக்கொண்டு அந்தப் பெண்ணும் பின்னால் வந்தாள்.

“உள்ள வாங்க சார். உங்க பொண்ணு பாலம் எப்படி உடைஞ்சுதுன்னு நீங்களே பாருங்க.”

“எனக்கு உள்ள வர நேரமில்ல! முதல்ல அவளை வெளிய அனுப்புங்க. அவளை இந்தக் கட்டடத்துக்குக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னு வருஷ ஆரம்பத்துலயே சொன்னேனா இல்லையா?”

சொன்னது உண்மைதான். மகளுக்குப் புதுப் பெயிண்ட் வாசனை ஒத்துக்கொள்ளாது என்று ஹெச்.எம்.மிடம் சண்டை போட்டு, அவள் வகுப்பைப் பழைய ஓட்டுக் கட்டடத்திலேயே வைக்கச் செய்தவர் அவர். இன்று பெரிய மேசை வேண்டுமென்று பசை மிஸ்தான் பிள்ளைகளை இங்கே ஓட்டி வந்தாள்.

“அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு? நீயா?”

மணி அடித்தது. மாடி வகுப்புகள் விட்டு, தலைக்கு மேலே அத்தனை கால்களும் தடதடவென்று ஓடின. அவர் பேச்சை நிறுத்தி மேலே பார்த்தார். இன்னும் இரண்டு எட்டு பின்னால் போனார்.

“அனுப்புன்னு சொல்றேன்ல!” குரல் கீச்சிட்டது.

இந்த உருட்டலுக்கெல்லாம் பசை மிஸ் மசிகிறவள் இல்லை. பாலத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டப் போனவளுக்கு, கட்டைவிரல் அதன் நீலத்தில் பிசுக்கென்று ஒட்டியது. பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை.

அவள் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். “இதுக்குப் பெயிண்ட் அடிச்சது யாரு?”

“நான்தான் மிஸ். ரெண்டு தடவை அடிச்சேன். மேல நல்லாப் பூசிட்டா உள்ள என்ன இருக்குன்னு யாரும் பாக்க மாட்டாங்கன்னு அப்பா சொன்னார்.”

“பெயிண்ட் வாசனை உனக்கு ஒத்துக்காதே?”

“எனக்கா? எனக்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்குமே.”

“பின்ன எதுக்கு உங்கப்பா உன்னை மட்டும் இந்தக் கட்டடத்துக்குள்ள விட மாட்டேங்கிறார்?”

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். வெயிலில் நிற்கும் அப்பாவை ஒரு முறை பார்த்துவிட்டு, வழவழப்பான புதுச் சுவரை உள்ளங்கையால் தடவினாள்.

“இதையும் அப்பாதான் மிஸ் கட்டினார்.”