லாக்கருக்குள் நகை

மில்லில் ஷிப்ட் முழுக்க நின்ற பவித்ராவின் கால்கள் விண்விண்ணென்று தெறித்தன. வேடசந்தூரிலிருந்து நேராகத் திண்டுக்கல் பேங்குக்கே வந்துவிட்டாள். லாக்கர் சாவியோடு மாமியார் மாயம்மாள் முன்னால் நடந்தாள்.

"தாலி கட்டின மறுநாளு எங்கப்பா போட்ட நகையை வாங்கிப் பூட்டுனது. நாலு வருசமா ஒரு விசேசத்துக்காவது எடுத்துக் குடுத்தீகளா? போலீசுக்குப் போவேன்னதும் இப்ப வாரீக."

"வாயை மூடிட்டு வாடி."

"என் தம்பி கல்யாணத்துல நான் வெறுங்கழுத்தோட நிக்கணுமாக்கும்?"

பேங்குக்காரர் தன் சாவியைப் போட்டுத் திருகிவிட்டு வெளியே போனார். மாயம்மாள் தன் சாவியால் திறந்தாள். ஆரம், நெக்லஸ், வளையல் எல்லாம் இருந்தன. எல்லாமே கறுத்துப் பச்சை பூத்துக் கிடந்தன.

"கவரிங்! என் தங்கத்தை மாத்திட்டியா, திருடி?"

"உங்கப்பனுக்குப் போனைப் போடு. நானும் கேக்குற மாதிரி போடு."

போட்டாள்.

"அப்பா, இந்தப் பொம்பள என் நகையைத் தின்னுட்டுக் கவரிங்கை வச்சிருக்கு. ஆளுகளோட வா!"

போனில் அப்பா நல்லுசாமியின் குரல் தணிந்து வந்தது.

"கத்தாதே தாயி. நான் போட்டதே அதான். மறுநாளே அந்தம்மா கண்டுபிடிச்சிருச்சு. ஒரு வருசம் தவணை கேட்டேன்."

மாயம்மாள் பெட்டியைப் பூட்டினாள்.

"என் வீட்டைப் பாத்து ஊரு சிரிக்கக் கூடாதுன்னு இந்தப் பித்தளைக்கு வாடகை கட்டிக்கிட்டிருக்கேன். சம்மந்தி, உங்க மகனுக்கு வாரவ நகையை மறக்காம உரசிப் பாத்து வாங்குங்க. எனக்கு நீங்க தர வேண்டிய பதினஞ்சு பவுனு இன்னும் பாக்கி."