புகைக்கு வைத்த காத்தாடி

"களவு இரும்பு இல்லைன்னா எதுக்கு மூடி மூடி வேலை செய்யணும்?"

கேத்தரின் கேட்டது பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. பதில் வந்தது கட்டிலிலிருந்து.

"பேச ஆள் கிடைக்கலைன்னா கொஞ்சம் தூங்கேன்" என்றார் அவள் கணவர் மைக்கேல்.

பாயான் பாருவில் பிற்பகல் மூன்று மணி. தைப்பூசத்துக்கு முந்திய வெயிலில் தெருவே அரைக்கண் மூடிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கார் போர்ச்சைச் சுற்றி நீலக் கென்வஸ் படுதா. அதற்குள்ளிருந்து கசிந்த வெல்டிங் வெளிச்சம் ஜன்னல் வழியே நுழைந்து, ஹால் கூரையில் அலையலையாக அசைந்தது.

மைக்கேல் மல்லாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டிசம்பரில் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரி போய் வந்ததிலிருந்து அவருக்கு ஹாலில்தான் கட்டில்.

"கடலுக்கு அடியில படுத்திருக்கிற மாதிரி இருக்கு, கேத்தரின்."

"கடலுக்கு அடியில படுத்தவன் எவன் எழுந்து வந்திருக்கான்? பேசாம மூச்சு விடுங்க."

சொன்னாளே தவிர, அவளும் நிமிர்ந்து பார்த்தாள். மடியில் பாதி மடித்த துணி. சுவர்க் கடிகாரம், மாதா படம், மாத்திரை டப்பா எல்லாம் நீலத்தில் மெல்ல மிதந்தன. கண் சொக்கியது. எங்கேயோ, எதிலேயோ, அவளும் மிதந்து போய்க்கொண்டிருந்தாள்.

கிர்ர்ர்ர்...

பின்சந்திலிருந்து வந்த சத்தத்தில் தூக்கி வாரிப் போட்டது.

"பாருங்க! ஒட்டுறான், பின்னால தூக்கிட்டுப் போய் அரைக்கிறான், திரும்ப வந்து ஒட்டுறான். போன வருசம் காவடிக் கூண்டு ரெண்டே நாள்ல முடிஞ்சுது. இந்த வருசம் ரெண்டு வாரம்! ஆள் உசரத்துக்கு கேஸ் சிலிண்டர் வேற."

"புகை வரலையே. விடு."

"எப்படி வரும்? என் காத்தாடி இருக்கே!"

அதில் அவளுக்குப் பெருமைதான். பக்கத்து வீட்டு யுகேந்திரன் வெல்டிங் தொடங்கிய அன்றே பெரிய ஸ்டாண்டு காத்தாடியை எல்லைச் சுவரோரம் நிறுத்தி, முகத்தை அவன் வீட்டுப் பக்கம் திருப்பி, மூன்றாம் எண் வேகத்தில் சுழல விட்டுவிட்டாள். அவன் புகை அவனுக்கே. அன்றிலிருந்து ஒரு பொட்டுப் புகை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

கிர்ர்ர்ர்...

"இன்னைக்கு நாலு வார்த்தை கேட்காம விடமாட்டேன்."

தூக்கம் கலையாத கண்ணோடு வெயிலைக் கடந்து போய், கென்வஸை விலக்கினாள். உள்ளே அடுப்பு மாதிரி அனல். யுகேந்திரன் அப்போதுதான் பின்சந்திலிருந்து திரும்பியிருந்தான். சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி வேர்வை வரும். அவன் மனைவி பிரமிளா தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள்.

"வாங்கக்கா."

"வர எங்க வழி விட்டிருக்க? எங்க வீட்டுல ஒருத்தர் படுத்திருக்காரு தம்பி, தெரியுமில்ல?"

"தெரியும்க்கா. நாலு நாள்ல தைப்பூசம். மூணாவது வருச வேண்டுதல், காவடி எடுத்தே ஆகணும். இதான் சேர மாட்டேங்குது."

காவடிக் கூண்டில் குழாய்கள் சேரும் இடத்தைக் காட்டினான். ஒட்டிய இடமெங்கும் குட்டிக் குட்டிப் பொத்தல்.

"என்ன இது, பூச்சி அரிச்ச மாதிரி?"

"காத்து பட்டுடுச்சுக்கா. உருகுற இடத்த கேஸ்தான் மூடிக் காப்பாத்தணும். காத்தடிச்சா கேஸ் கலைஞ்சி இப்படி ஆயிடும். அரைச்சு எடுத்துட்டு மறுபடி ஒட்டணும்."

"அதுக்குத்தான் இந்தக் கென்வஸா?" களவு இரும்பு என்ற சந்தேகம் அவள் மனதில் கொஞ்சம் கரைந்தது. வாய் கரையவில்லை. "போன வருசம் மாதிரி வெல்டிங் ராடு வச்சே ஒட்டியிருக்கலாம்-லா! அதுக்குக் காத்துத் தொல்லையும் கிடையாது, கேஸும் வேணாம். இப்ப என்ன புது மோஸ்தர்?"

யுகேந்திரன் சிரித்தான். "புதுசா கத்துக்கலாம்னுதான் அக்கா."

"என்னத்தக் கத்துக்கிறீங்க?" பிரமிளா வெடித்தாள். "அக்கா, இவரு பதினஞ்சு வருசமா இந்த வேலைதான் செய்யுறாரு. ராடு வச்சா ஒரே புகை. மைக்கேல் அண்ணன் நெஞ்சுக்கு ஆகாதுன்னுதான் ஆர்கன் கேஸ் வாங்கிட்டு வந்தாரு. இதுல புகை வராத மாதிரிதான். அரைக்கிற தூசியும் உங்க பக்கம் வரக்கூடாதுன்னு பின்னால தூக்கிட்டு ஓடுறாரு."

"பிரமிளா, சும்மா இரு."

கேத்தரின் குனிந்து, பொத்தல் விழுந்த இடத்தை மறுபடி பார்த்தாள்.

"சரி..." என்றாள். "அதான் கென்வஸ் கட்டியாச்சே. இன்னும் எங்கிருந்து காத்து? வெளியில ஒரு இலை அசையல."

புருசனும் பெண்டாட்டியும் தரையைப் பார்த்தார்கள்.

கேத்தரின் திரும்பினாள். மூன்று பக்கமும் கென்வஸ் ஆடாமல் தொங்கியது. அவள் வீட்டுப் பக்கம் மட்டும் உப்பி உப்பித் தணிந்தது. அதற்கு அப்பால் 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம். அவளுக்கு நன்றாகப் பழகிய சத்தம்.

"சொல்லியிருக்கலாமே, தம்பி."

"எப்படிக்கா சொல்றது? உங்களுக்காகத்தான் செய்யுறேன்னு சொல்லிக்காட்டுற மாதிரி ஆயிடாதா?"

அவள் எப்படி வீடு திரும்பினாள் என்று அவளுக்கே நினைவில்லை. வெயிலில் கால் தரையில் பட்ட மாதிரி இல்லை.

சற்றைக்கெல்லாம் கூரையில் நீல வெளிச்சம் மறுபடி வந்தது. இந்த முறை அசையவில்லை. காற்றில்லாத குளம் போல் நின்றது.

"அலை நின்னுடுச்சே" என்றார் மைக்கேல், பாதித் தூக்கத்தில். "காத்தாடிய நிறுத்திட்டியா? புகை வந்துடப் போவுது, கேத்தரின்."

அவர் போர்வையை இழுத்து விட்டாள்.

"வராதுங்க" என்றாள். "முதல் நாள்லேருந்தே வரல."