கீல் எந்தப் பக்கம்?

“கீலைக் கழட்டி இடது பக்கம் மாட்டணும்” என்றார் சேனாதிபதி.

ஜென்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காலையில்தான் மாட்டி முடித்த கதவு. சில்வர் ஓக் பலகைகளை இழைத்து, சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொரு ஓரத்துக்கும் எண்ணெய் கொடுத்து, பத்து நாள் இடுப்பொடிய வேலை பார்த்திருக்கிறாள்.

பேத்துப்பாறையில் லீலா கட்டும் எட்டு காட்டேஜில் இதுதான் முதல் கதவு. பண்ணைக்காட்டில் ஜென்சி சொந்தப் பட்டறை போட்ட பிறகு வந்த முதல் பெரிய வேலையும் இதுதான். இது சரியாக அமைந்தால் மற்ற ஏழும் அவளுக்கு. இல்லாவிட்டால் வழக்கம்போல் மூத்த தச்சர் சேனாதிபதிக்கு.

கதவு சரியா என்று பார்த்துச் சொல்ல லீலா கூப்பிட்டிருந்தது அந்தச் சேனாதிபதியைத்தான். வேறு ஆளே கிடைக்கவில்லையாக்கும்!

“வலது பக்கம் இருந்தா என்னண்ணே?”

“காத்து. மேக்க இருந்து அடிக்கிற காத்துக்குப் படார் படார்னு அடிச்சுக்கும்.”

“சுத்தி மரமா நிக்கிது. காத்து எங்கிட்டு இருந்து வருது?”

“ஆடி மாசம் வந்து பாரு, தெரியும்.”

மொபைலில் கதவை வீடியோ எடுத்துக்கொண்டிருந்த லீலா சிரித்தாள். “காத்துதானாங்க? இல்ல, வேலை கைவிட்டுப் போன வயித்தெரிச்சலா?”

“வயித்தெரிச்சல் இல்லன்னா அது பொய்யி மேடம். ஆனா கீலு அங்கிட்டுத்தான் வரணும்.”

“பழைய ஸ்க்ரூ ஓட்டை அசிங்கமா தெரியுமேண்ணே!” ஜென்சிக்கு அழுகையே வந்துவிட்டது.

“மரத்தூளும் பசையும் வெச்சு அடைச்சிட்டா யாருக்குத் தெரியப் போகுது? வெரசா கழட்டு தங்கச்சி. நான் பிடிச்சுக்கிறேன்.”

கதவின் பாரத்தை அவரே தோளில் தாங்கிக்கொண்டார். மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தபடி ஜென்சி கீல்களை மாற்றினாள். தாழ்ப்பாளையும் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரம் போனது.

கடைசி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது.

இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே போகும் சாய்வுச் சட்டம். அதன் கீழ்முனை கீல் பக்கம் இருக்க வேண்டும். கதவின் பாரத்தைத் தாங்குவது அதுதான். இப்போது அப்படித்தான் இருந்தது.

அப்படியென்றால் காலையில்?

பலகைகளைக் குப்புறப் போட்டு ஆணி அடித்த அவசரத்தில் இடம் வலம் மாறிப் போயிருக்கிறது. அப்படியே விட்டிருந்தால் இரண்டு மழைக்குள் கதவு தொங்கித் தரையை உரசியிருக்கும். காத்தாம், காத்து!

வெளியே சேனாதிபதி லீலாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “சுத்தமான வேலை மேடம். மத்த ஏழையும் இந்தப் பிள்ளைகிட்டயே தைரியமா குடுங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

ஜென்சி வெளியே ஓடி வருவதற்குள் அவர் மேட்டிலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

“பார்த்தியா ஜென்சி, ஒரு குத்தமாவது சொல்லாட்டி அந்த ஆளுக்குச் சோறு இறங்காது” என்றாள் லீலா. “அது கெடக்கு, விடு. ஏழு கதவும் உனக்குத்தான்.”

வாயைத் திறக்காமல் தலையாட்டினால் போதும், வேலை கைக்கு வந்துவிடும். ஜென்சியால் முடியவில்லை.

“இல்ல மேடம். இருந்த ஒரே குத்தத்தையும் அவரு சொல்லாமத்தான் போறாரு.”