மணிக்கூடு பார்த்தவன்

நயினாதீவில் அண்ணன் வாகீசன் வீட்டு ரீவியில் துப்பறியும் படம் ஓடுகிறது. கிழவர் ஒருவர் குத்துப்பட்டுக் கிடக்க, அவரின் பெறாமகன், தம்பியின் பெடியன், ரெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் மணிக்கூட்டைப் பார்க்கிறான். பிறகுதான் அம்புலன்சுக்கு அடிக்கிறான். “பாவம், பதறிப்போனான்,” என்கிறார் வாகீசன், வடையை மென்றபடி. “பதறினவன் மணிக்கூடு பாப்பானோ அண்ணை? மூச்சு நிக்கட்டும் எண்டு பாத்து நிண்டவன்,” என்கிறாள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் தங்கை சயந்தினி. வாகீசனின் தாடை நின்றுவிடுகிறது. சன்னல் கம்பிகளின் நிழல் ஆறிய தேத்தண்ணீரில் விழுந்து கிடக்கிறது. போன மாசியில், “அம்மாவுக்குக் கடுமை” என்று யாழ்ப்பாணத்திலிருந்த அவளுக்கு அவர் ரெலிபோன் அடித்ததுகூட, தீவுக்கு வரும் கடைசிப் படகு வெளிக்கிட்டுப் பத்து நிமிடம் கழித்துத்தான். விடிய வந்திறங்கியபோது அம்மா இல்லை. அம்மாவின் பெருவிரலில் ஊதா மை இருந்தது, அவளுக்கென்று அம்மா சொல்லிவந்த வீடு அண்ணன் பேரில் இருந்தது. விலை படியாத ஆளை வாசல்வரை கொண்டுபோய் விடும் கடைக்காரச் சிரிப்போடு வாகீசன் எழும்புகிறார். “கடைசிப் படகுக்கு நேரமாகுது தங்கச்சி, வெளிக்கிடு.” துறையில் படகு ஹோர்ன் அடிக்கிறது. அவள் கதிரையை நறநறவென்று ரீவிக்கு முன்னால் இழுத்துப் போடுகிறாள். “போகட்டும். இண்டைக்கு அதைத் தவறவிடத்தான் வந்தனான். இருங்கோ அண்ணை, முடிவைப் பாப்பம்.”